மிஸ்ஸா, சேரா? உளவளத்துணைக்கு யாரிடம் போவது என்று தயங்குகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தார். வயது முப்பதுக்குள், இரண்டு பிள்ளைகள், கொழுந்து எடுக்கிற வேலை. ஒரு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறார், அப்புறம் அதை நினைத்து இரவெல்லாம் அழுகிறார். மலையில் கூடையோடு நிற்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, இதயத்தையும் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, உளவளத்துணை (கவுன்சலிங்) பெறுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அவருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பக்கத்து டவுனுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு உளவளத்துணையாளர் வருகிறார். ஆண், தமிழ் பேசுபவர், காசு வாங்குவதில்லை. கண்டியில் தனியாகச் செய்கிற ஒரு பெண் இருக்கிறார். நல்ல பெயர். சிங்களமும் ஆங்கிலமும் பேசுவார், தமிழ் கொஞ்சம்தான். "பொம்பளைகிட்டதானே அக்கா போகணும்? ஒரு சேர்கிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வி எனக்கு வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. நான் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை. பிள்ளைகளின் அம்மாமார் வாசலில் நின்று கேட்பார்கள். ஊரை விட்டுப் போன பழைய மாணவர்கள் எழுதிக் கேட்பார்கள். ஒரு காலத்தில் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியவள். அந்த அனுபவத்தையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எழுதியவர்கள் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

ஆணா பெண்ணா என்பது கண்ணுக்கு உடனே தெரிகிற விஷயம். அதனால் அதுவே பெரிய கேள்வியாக வந்து நிற்கிறது. அதைத் தனியாக வைத்து முடிவெடுக்காமல் வேறு நான்கு விஷயங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, எனக்கு எதைச் சொல்ல வாய் வராது? என்பது. பாலினம் வேலை செய்கிற இடம் இதுதான். கடன், மாமியார் சண்டை, பிள்ளையின் படிப்பு, வேலைத்தலத்தில் பட்ட அவமானம் இவற்றையெல்லாம் நம்பிக்கை வந்தால் யாரிடமும் சொல்லிவிடுவோம். படுக்கை, மாதவிடாய், கரு கலைந்தது, சின்ன வயதில் ஒருவர் தொட்டது, இவை அப்படியில்லை. அந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, இதை ஒரு பெண்ணிடம் சொல்வேனா, ஆணிடம் சொல்வேனா, இருவரிடமும் சொல்ல மாட்டேனா என்று யோசியுங்கள். இருவரிடமும் இல்லை என்றால், தடையாக இருப்பது ஆலோசகரின் பாலினம் இல்லை. அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது மொழி. அழும்போது எந்த மொழி வருமோ அந்த மொழியில் பேச முடிய வேண்டும். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கீழே வருகிறேன்.

அப்புறம் இரகசியம். தோட்டம் சின்ன இடம். ஆலோசகர் நம் டிவிசனில் பெண் எடுத்தவரா, சங்கத் தலைவருக்குச் சொந்தமா, கோயில் கமிட்டியில் நம் அண்ணனோடு உட்காருகிறவரா என்பதெல்லாம் இங்கே உண்மையான கேள்விகள். நல்ல ஆலோசகர் வெளியே சொல்ல மாட்டார். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது போன்ற நிலைமைகளில் மட்டும் அவர் அந்த இரகசியத்தை மீற வேண்டி வரும். அதை அவர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். ஆனால் அவர் வாயைத் திறக்காவிட்டாலும், சந்தையில் அவரைப் பார்க்கும்போது உங்களுக்கு உடம்பு கூசுமா என்பதும் இருக்கிறதே.

நான்காவது, திரும்பத் திரும்பப் போக முடியுமா. இது ஒரு ஊசியோடு முடிகிற காரியம் இல்லை. வாரத்துக்கு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று பல தடவை போக வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். பஸ் காசு போகும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். "எங்க போற?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகப் பயிற்சி. பிரதேச செயலகங்களில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரும், அரசாங்க வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் இருப்பவர்களும் இலவசமாகப் பார்க்கிறார்கள். தனியாரிடம் போவதானால் என்ன படித்தீர்கள், எங்கே, எத்தனை வருடமாகச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நன்றாகப் படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் ஆணா பெண்ணா என்பதை மட்டும் பிரித்துப் பார்த்தால், குணமாவதில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. வித்தியாசம் செய்வது இருவருக்கும் இடையில் உண்டாகிற உறவு. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் அந்த உறவை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். எதற்காகப் பேசுகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, எப்படிச் செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, அப்புறம் ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கை. 2018இல் 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அந்த உறவு பலமாக இருந்த இடத்தில் பலனும் கூடுதலாக இருந்தது. அதே வருடம் 53 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு குழு, தன் விருப்பத்துக்கு இடம் கொடுக்கப்படாதவர்கள் இடையில் விட்டுவிட்டுப் போவது அதிகம் என்று கண்டது. இரண்டையும் சேர்த்து நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: பெண்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அந்த ஆசைக்கு மதிப்பு இருக்கிறது, கேளுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

## பெண் ஆலோசகர்

உடம்பு சம்பந்தப்பட்ட எதையும் தொடங்குவது சுலபம். ஒரு மிஸ்ஸிடம் "பீரியட்" என்று சொல்லும்போது தலை குனிய வேண்டியதில்லை. ஒரு ஆணால் துன்பப்பட்ட பெண்ணுக்கு, கதவை மூடிய அறையில் இன்னொரு ஆணோடு உட்காருவதே பயமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் பெண்ணைக் கேட்பதில் நான் ஒரு சொல்லும் குறுக்கே சொல்ல மாட்டேன். கொஞ்சம் காத்திருக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. வீட்டில் அடி உதை என்றால் 1938 என்ற பெண்களுக்கான இலக்கம் இருக்கிறது. பல அரசாங்க வைத்தியசாலைகளில் 'மிதுரு பியச' என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. தலைவலி என்று கிளினிக்குக்குப் போகிறவர் போலப் போய் அங்கே பேசிவிட்டு வரலாம், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஊர்ப் பேச்சும் குறைவு. புருசனும் மாமியாரும் "மிஸ்கிட்டதானே" என்று விட்டுவிடுவார்கள்.

இதற்கும் செலவு உண்டு. பெண் என்றால் எல்லாம் புரிந்துவிடும் என்று நினைத்து நாம் பாதியைச் சொல்லாமல் விடுகிறோம். "உங்களுக்குத் தெரியும்தானே மிஸ்" என்று முடித்துவிடுகிறோம். அவரும் தலையாட்டுகிறார். அவருக்குத் தெரிந்தது அவருடைய வாழ்க்கை. டவுனில் வளர்ந்து, கல்யாணம் ஆகாமலோ வேறு மாதிரி ஆகியோ இருக்கும் ஒருவருக்கு, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் (லயத்து அறையில்) மாமனார் மாமியாரோடு படுத்து எழுகிற பெண்ணின் கஷ்டம் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பெண் நம்மைத் தீர்ப்புச் சொல்லிவிடுவாரோ என்கிற பயம். அம்மாவிடமும் அத்தையிடமும் "பொறுத்துப் போ" என்றே கேட்டு வளர்ந்த ஒரு பெண், வயதான ஒரு மிஸ் முன்னால் உட்கார்ந்தவுடன் நல்ல மருமகளாக மாறிவிடுகிறார். என்னிடம் வந்த ஒரு அம்மா மூன்று தடவை போய் மூன்று தடவையும் தன் புருசனைப் புகழ்ந்துவிட்டு வந்தார். அந்த ஆலோசகர் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. அவருடைய சேலையும் கொண்டையும் இந்த அம்மாவுக்கு மாமியாரை ஞாபகப்படுத்தியிருக்கிறது.

## ஆண் ஆலோசகர்

நம் மலையகத்தில் ஒரு ஆண் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். துரை, கணக்கப்பிள்ளை, தலைவர், கிராம சேவகர் என்று நம் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தான். அவர்கள் கேட்டால் "சரிங்க சேர்" என்று சொல்லி வெளியே வந்து பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம் உளவளத்துணை அறைக்குள்ளும் கூடவே வரும். அவர் "தினமும் கொஞ்சம் நடந்து பாருங்களேன்" என்பார். நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற பெண் "சரிங்க சேர்" என்பார். சரியில்லை என்று சொல்லத் தெரியாமல் போவதுதான் ஆண் ஆலோசகரிடம் நாம் கொடுக்கிற பெரிய விலை என்று நினைக்கிறேன். கூச்சத்தை விட இது பெரியது, ஏனென்றால் கூச்சம் நமக்குத் தெரிகிறது, இது தெரிவதே இல்லை. இப்படித் தலையாட்டுவது ஆண்களுக்கும் உண்டு.

வெளியில் இருக்கிற பிரச்சினை சந்தேகம். ஒரு பெண் ஒரு ஆணோடு முக்கால் மணி நேரம் மூடிய அறையில் இருந்தார் என்பது பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் வேறு கதையாகிவிடும். இதற்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. கதவைச் சற்றுத் திறந்து வைக்கச் சொல்லலாம், பேச்சுக் கேட்காத தூரத்தில் ஆள் தெரிகிற மாதிரி. ஒரு தோழியை வெளியே உட்கார வைக்கலாம். சில ஆலோசகர்கள் தாங்களாகவே இப்படி ஏற்பாடு செய்வார்கள், அது நல்ல அடையாளம்.

ஆனால் ஆணிடம் போனதால் நன்மை கண்டவர்களும் இருக்கிறார்கள். கத்தாத, அறிவுரை சொல்லாத, குறுக்கே பேசாத ஒரு ஆணை வாழ்க்கையில் முதன்முதலாக அந்த அறையில்தான் பார்த்தேன் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். அப்பாவிடமும் புருசனிடமும் ஒருநாளும் கிடைக்காதது அது. பெண்களாலேயே நசுக்கப்பட்டவர்களுக்கும், குடும்பத்துக் கடனையும் காசையும் பற்றி நேராகப் பேச விரும்புகிறவர்களுக்கும் ஆண் ஆலோசகர் ஒத்து வரலாம்.

## நடுவில் நிற்கிறவர்

இந்த ஒப்பீட்டில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் உண்மையில் யாரிடம் சொல்கிறீர்கள்?

என் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்குப் பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை. பால் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்படி ஒரு தாய் இருப்பாளா என்று என்னையே வெறுத்தேன். ஒரு வைத்தியசாலையில் சிங்கள டொக்டர் ஒருவர் பார்த்தார். ஆண்தான், மிகவும் அன்பாகப் பேசினார், அவர் கண்ணிலேயே அது தெரிந்தது. என் சிங்களம் கடைக்குப் போய் வரும் அளவுதான். நடுவில் மொழிபெயர்க்க அங்கே வேலை செய்யும் ஒரு பெண் வந்து நின்றார். அவர் என் சின்னம்மா இருக்கிற தோட்டத்துக்காரர். டொக்டர் நீளமாக ஒன்று கேட்டார். அவர் அதை "சாப்பிடுறீங்களா?" என்று சுருக்கினார். நான் "தூக்கம் வரல" என்று மட்டும் சொன்னேன். தூக்கத்துக்கு மருந்து எழுதித் தந்தார்கள்.

டொக்டர் ஆண் என்பது அன்று எனக்கு ஒரு தடையே இல்லை. நடுவில் நின்றவர் பெண் என்பதும் உதவவில்லை. அவர் தெரிந்தவர் என்பதுதான் என் வாயை அடைத்தது.

இதை விட மோசமானது பிள்ளைகளை வைத்து மொழிபெயர்ப்பது. பாடசாலையில் சிங்களம் படிக்கிறாள் என்று பதின்மூன்று வயது மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன ஒரு தாயை எனக்குத் தெரியும். வீட்டில் அடிக்கிறாரா என்று டொக்டர் கேட்டதும் தாய் பதில் சொன்னார். மகள் அந்த ஒரு வரியை மட்டும் சிங்களத்தில் சொல்லவில்லை. அடுத்த நாள் அந்தப் பிள்ளை என் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. எந்தப் பிள்ளை மீதும் இந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள், தயவுசெய்து.

ஆகவே சிங்களம் பேசுகிற பெண் ஆலோசகரா, தமிழ் பேசுகிற ஆணா என்று தராசில் வைக்கும்போது, ஒரு பக்கத்தில் இருப்பது ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள். மொழிபெயர்ப்பவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் பாருங்கள். குடும்பத்தார் வேண்டாம். தமிழ் தெரிந்த தாதியோ வேறு உத்தியோகத்தரோ இருக்கிறாரா என்று வைத்தியசாலையிலேயே கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் பேச வேண்டும் என்று கேட்கும்போது நாம் யாரிடமும் தயவு கேட்கவில்லை.

எனக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். பிரதேச செயலகத்தில் ஒரு உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பதாக ஒரு சக ஆசிரியை சொன்னார். தமிழர், ஆண், வேறு மாவட்டத்துக்காரர். இரண்டாவது தடவை போனபோது பிள்ளையைப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் திடுக்கிடவில்லை. "இது நிறையத் தாய்மாருக்கு வர்றது டீச்சர்" என்றார். அதைக் கேட்டபோது வந்த அழுகை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் பிரசவத் தையலின் வலி பற்றியும், கணவர் பக்கத்தில் வந்தாலே எனக்கு வந்த பயம் பற்றியும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதை வீட்டுக்கு வந்த குடும்பநல மிஸ்ஸிடம் (மருத்துவமாதுவிடம்) சொன்னேன். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்ப வந்தவர் அவர். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. இப்படிப் பிரித்துச் சொல்வதும் ஒரு வழி. நம் ஊர் நிலைமைக்கு இது பல பேருக்குப் பொருந்தும் என்று நம்புகிறேன்.

## போன் வழியாக, வீடியோ வழியாக

தெரிவு இங்கே ஒரேயடியாகப் பெருகுகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இருக்கும் தமிழ்ப் பெண் ஆலோசகர் ஒருவரை மஸ்கெலியாவிலிருந்து பிடிக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியாது. பஸ் இல்லை, பேர் போகாது.

ஆனால் எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள்? லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். சிலர் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போகிறார்கள், சிலர் ஆள் இல்லாத நேரத்தில் கோயில் திண்ணைக்குப் போகிறார்கள். மழை பிடித்தால் அதுவும் இல்லை, சிக்னலும் இல்லை. கணவர் போனை எடுத்துப் பார்க்கிற வீடு என்றால் இது ஆபத்தாகவே முடியலாம். பேச்சு வழக்கும் கொஞ்சம் இடிக்கும். வடக்கிலிருந்து பேசுகிறவருக்கு 'அரைப்பேர்' (அரை நாள் சம்பளம்) என்றால் என்ன, அது கிடைத்த நாளில் வீட்டில் ஏன் சண்டை வருகிறது என்பதை விளக்க வேண்டும். அது பெரிய தடை இல்லை. விளக்கும்போது நமக்கே சில விஷயம் தெளியும்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பெண்ணோடு பேச வேண்டும் என்றால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டதென்றால், அல்லது பூச்சி மருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்று மனம் தேட ஆரம்பித்துவிட்டதென்றால், இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். ஆணோ பெண்ணோ, எந்த மொழியோ, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். 1926க்கு எடுங்கள். ஏதாவது குடித்துவிட்டார் என்றால் 1990 அம்புலன்ஸ்.

## ஒரே பார்வையில்

| | பெண் ஆலோசகர், நேரில் | ஆண் ஆலோசகர், நேரில் | போன் அல்லது வீடியோ |
|---|---|---|---|
| உடம்பு, பாலியல் விஷயம் | தொடங்குவது சுலபம் | பலருக்கு நாள் எடுக்கும், சிலருக்கு வராது | போனில் முகம் தெரியாததால் சுலபம் |
| மறைந்திருக்கும் செலவு | "அவருக்கே தெரியும்" என்று விட்டுவிடுவது | "சரிங்க சேர்" என்று தலையாட்டுவது | தனியாகப் பேச இடம் இல்லாமை |
| ஊர்ப் பேச்சு | குறைவு | கூடுதல், ஏற்பாடு செய்தால் குறையும் | வீட்டுக்குள் சந்தேகம் வரலாம் |
| எப்போது இதுவே நல்லது | ஆணால் நேர்ந்த கொடுமை, பிரசவம், கருக்கலைவு | தமிழில் பேசுபவர் அவர் ஒருவர்தான் என்றால். ஆண்களின் உடல் பிரச்சினை | ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்றால் |

## ஆண்கள், பிள்ளைகள், மற்றவர்கள்

பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர், கொழும்பில் கடையில் நின்று திரும்பி வந்தவர், "பொம்பள முன்னால அழ முடியாது டீச்சர், ஆம்பளையா இருந்தா சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். சரி, ஆணிடமே போங்கள் தம்பி. உடம்பு சம்பந்தப்பட்டதும், கல்யாணம் பற்றிய பயமும் இருந்தால் அதுதான் சுலபம். ஆனால் இன்னொரு ஆண் முன்னாலாவது அழுதிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். பல ஆண்கள் ஆணிடம் போய்த் தைரியசாலியாக நடித்துவிட்டு வருகிறார்கள். குடியை நிறுத்த வந்தவர் எவ்வளவு குடித்தார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு மிஸ்ஸிடம் பேசும்போது அந்தப் பெருமைக்கு வேலை இல்லாமல் போய், நேராக விஷயத்துக்கு வந்தவர்களும் உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் முடிவெடுக்காமல் பிள்ளையிடம் கேளுங்கள், அம்மா இல்லாத இடத்தில். வயதுக்கு வந்த பிள்ளை என்றால் மிஸ்தான் என்று நாம் நினைப்போம். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, "மிஸ்மார் அம்மாகிட்ட சொல்லிடுவாங்க, சேர் சொல்ல மாட்டார்" என்றது. அந்தப் பிள்ளைக்குப் பாலினம் என்பது இரகசியத்தின் அடையாளமாக இருந்தது. பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் 1929 என்ற சிறுவர் இலக்கத்துக்கு எடுங்கள்.

திருநர்களும், ஒரே பாலினத்தவரை நேசிப்பவர்களும் எழுதுகிறார்கள். ஒரே பாலின உறவைக் குற்றமாக்குகிற தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் தலைக்கு மேல் தொங்கும்போது அவர்களுக்கு ஆணா பெண்ணா என்பதை விட, இவர் என்னைத் 'திருத்த'ப் பார்ப்பாரா என்பதே முதல் கேள்வி. போவதற்கு முன் போனில் கேளுங்கள்: "என்னைப் போன்றவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" 2016இலிருந்து திருநர்கள் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. அதற்கு மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதால், அவரைப் பொறுமையாகத் தேடிப் பிடிப்பது நல்லது.

## கேட்பதும் மாற்றுவதும்

"பெண் ஆலோசகரோடு பேச விரும்புகிறேன், எந்த நாள் இருப்பார்?" இவ்வளவு போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இல்லை என்று சொன்னால், "ஒரு மிஸ் கூட இருக்க முடியுமா?" என்று கேட்கலாம்.

மூன்று தடவை போன பிறகு திரும்பிப் பாருங்கள். போன தடவை எதையாவது வேண்டுமென்றே மறைத்தீர்களா? அவர் சொன்னதில் ஒத்துவராததை ஒத்துவரவில்லை என்று சொன்னீர்களா? மறைத்திருந்தாலோ, ஒத்துவராததைச் சொல்லாமல் விட்டிருந்தாலோ அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். "சேர், நான் எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்றேன்" என்று ஒருவர் சொன்னதும் அங்கே பேச்சே மாறிவிட்டது. அப்படியும் சரிவராவிட்டால் மாற்றுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், இது அவர்களுக்குப் பழக்கமான விஷயம்.

## மஸ்கெலியாத் தங்கச்சிக்கு

உங்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், எதைச் சொல்ல வாய் வராது என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் அனுப்பினீர்கள். சின்னவன் பிறந்த பிறகு ஒரு கரு கலைந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் கடன், கணவரின் குடி, பெரியவன் படிக்காமல் இருப்பது. கண்டிக்குப் போய் வர, கட்டணத்தோடு சேர்த்து நான்கு நாள் பேர் ஆகிறது என்றும் கணக்குப் போட்டிருந்தீர்கள். அந்தக் காசுக்கு அரைத் தமிழில் பேசுவது வேண்டாம், தங்கச்சி. செவ்வாய்க்கிழமை போங்கள்.

முதல் நாளே அவரிடம், "ஒரு விஷயம் இருக்கு சேர், அதை இப்போ உங்ககிட்ட சொல்ல முடியல" என்று சொல்லிவிடுங்கள். என்ன விஷயம் என்று சொல்ல வேண்டாம். அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தாலே அவர் வேறு மாதிரிக் கேட்பார், அவசரப்படுத்த மாட்டார். கரு கலைந்த விஷயத்தைக் குடும்பநல மிஸ் வரும்போது அவரிடம் சொல்லுங்கள். அவர் உங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர் என்பது தயக்கமாக இருந்தால் 1926க்கு எடுத்துப் பெண் ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள், பிள்ளைகள் பாடசாலை போன நேரத்தில். மூன்று செவ்வாய் போன பிறகு எனக்கு எழுதுங்கள். அப்போதும் கண்டி வேண்டும் என்று தோன்றினால், தமிழ் நன்றாகத் தெரிந்த மிஸ் யாராவது அங்கே இருக்கிறாரா என்று நானே விசாரித்துச் சொல்கிறேன்.